கல்லில் உள்ள பெயரும் சுவரில் இருந்த சொல்லும்



யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் கில்காலில் பன்னிரண்டு கற்களை நாட்டினர். அவற்றின் பொருளைப் பிள்ளைகள் கேட்கும்போது, பெற்றோர் விடை சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் கரிசல் நாட்டுக் கற்களைக் குறித்து உங்கள் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நமக்குத் தெற்கே பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் பகுதியில், 1799, 1801 ஆகிய ஆண்டுகளின் போர்களில் மாண்ட ஆங்கிலேயர்களின் கல்லறைகள் உள்ளன. அவற்றில் பெயர் பொறித்த கல்வெட்டுகள் உண்டு. எதிர்நின்று மாண்ட நம் மண்ணின் எளியவர்களுக்கோ அவ்வாறு பெயர் பொறித்த கல் இல்லை. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் கோட்டை மீண்டும் வீழ்ந்தபின் கம்பெனியார் அதைத் தரைமட்டமாக்கி, ஊரின் பெயரையே பதிவேடுகளினின்று நீக்கினர்.

அவ்வாண்டு மே மாதம் தப்பிய ஊமைத்துரை, நமக்குக் கிழக்கேயுள்ள கமுதிக்கு வந்து மருது சகோதரரிடம் அடைக்கலம் புகுந்தார். வந்தவரின் தாய்மொழி வேறு, குலம் வேறு. ஆயினும் அவர்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. கம்பெனிப் படை சிவகங்கை மீது திரும்ப அதுவும் ஒரு காரணமாயிற்று.

ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது கல்லில் வெட்டியதன்று. மழைக்கும் நில்லாத தாள். ஆனால் அது எல்லாச் சாதியாரையும், இஸ்லாமியரையும் ஒருசேர அழைத்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரைக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பிரியமானவர்களே, பெயர் பொறித்த கல்லறைகளில் துயில்வோர் நம் விசுவாசத்தின் பெயரைத் தரித்தவர்கள். அவர்களையும் ஒரு தாய் பெற்றாள். ஆகையால் அக்கற்களை இகழ வேண்டாம். எனினும் அடைக்கலம் தந்ததற்காக உயிரையே கொடுத்தவர்களிடமும் நாம் கற்க வேண்டியது உண்டு. இன்றோ அவ்வீரர்களைச் சாதிக்கொருவராகப் பங்கிட்டு, சிலைக்குச் சிலை பகை வளர்க்கிறோம். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் நம் நாட்டில் உண்டல்லவா?

இவ்வாரம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். சொன்னபின், நாம் யாருக்கு வாசலை அடைத்து வைத்திருக்கிறோம் என்று குடும்பமாக ஆராய்ந்து ஜெபியுங்கள்.