வெண் திமிங்கிலமும் அலுமினிய உலையும்

ஒரு சமூகத்தின் வறுமைக்குக் காரணம் யாது என்ற வினா எழும் காலங்களில், காரணராயிருப்போர் தம்மை விடுத்துப் பிறிதொன்றைச் சுட்டிக்காட்டுவதைச் சரித்திரத்திற் பலமுறை காண்கிறோம். சில வேளை அது ஒரு சிறுபான்மை இனமாக இருக்கும். சில வேளை பிழைப்புத் தேடிவந்த கூலியாளாக இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1920களிலும் 1930களிலும் அவ்வாறு சுட்டப்பட்டது ஒரு திமிங்கிலம். ஓயாது ஒலியெழுப்புவதால் மாலுமிகள் அதனைக் 'கடற் கனேரி' என அழைத்தனர். எனினும் தன் மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்கு மறுமொழி கூறும் வாய் அதற்கு இருக்கவில்லை. அக்குற்றம் பொய்யென நிறுவப்பட்ட வரலாற்றையும், பின்னர் அதன் உடலே வேறொரு வழக்குக்குச் சாட்சியமாக வந்த வரலாற்றையும் இங்கு நோக்குவோம்.

பெலூகா எனப்படும் வெண் திமிங்கிலம் வடதுருவக் கடல்களுக்கு உரியது. கன்று சாம்பல் நிறமாகப் பிறந்து, வளர வளர வெளுத்துப் பால் வண்ணம் பெறும். முதுகுத் துடுப்பு இல்லாதது. ஏனைய திமிங்கிலங்களைப் போலன்றிக் கழுத்தைத் திருப்ப வல்லது. பனியூழி முடிந்து உறைபனி பின்வாங்கிய காலத்தில் கடல்நீர் கனடாவின் உட்பகுதி வரை பரவியிருந்தது; அக்கடலோடு வந்த ஒரு கூட்டம் கடல் வற்றிய பின்னரும் சென் லோறன்ஸ் நதியின் கழிமுகத்திலே தங்கிவிட்டது. உலகிலுள்ள பெலூகாக் கூட்டங்களுள் மிகத் தெற்கே வாழ்வது இதுவே. சகனே என்னும் கிளைநதி வந்து கலக்கும் ததூசாக் என்ற இடத்தில், கடலின் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து உணவைக் கொண்டுவருவதால், துருவப் பிராணி அங்கே வாழ முடிந்தது. 1535இல் அந்நதியில் ஏறிவந்த பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே, பனிபோல் வெண்மையான இப்பிராணியைக் கண்டு தன் பயணக் குறிப்பில் எழுதினான். ஆதிக்குடிகளோ அவனுக்கு நெடுங்காலம் முன்பே அதனை அறிந்திருந்தனர்.

பிரெஞ்சுக் குடியேறிகள், வற்றுப்பெருக்குள்ள கரைகளில் நீண்ட கழிகளை வரிசையாக நட்டுப் பட்டி அமைத்து, பெருக்கில் உட்புகும் திமிங்கிலங்களை வற்றிற் பிடித்தனர். எண்ணெய் விளக்குக்கும் தோல் சப்பாத்துக்கும் உதவின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கூட்டம் ஏறத்தாழ 7,800க்கும் 10,000க்கும் இடைப்பட்டதாயிருந்திருக்கும் என்பது பிற்கால ஆராய்ச்சியாளரின் கணிப்பு.

வேட்டை வேறு, பழி வேறு. பழி எங்கிருந்து வந்தது என்பதை அறிய, நதிமுகத்துக்கு அப்பாலுள்ள கஸ்பே குடாநாட்டு மீனவரின் நிலையை நாம் அறிதல் வேண்டும். 1760களில் ஜேர்சித் தீவிலிருந்து வந்த சாள்ஸ் றோபின் என்ற வணிகனின் கம்பனியும் அதைப் பின்பற்றிய பிற கம்பனிகளும் அங்கே மீன் வியாபாரத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தன. பருவத் தொடக்கத்தில் உப்பு, தூண்டில், மாவு, துணி யாவும் கம்பனிக் கடையிற் கடனாகக் கிடைக்கும். பருவ இறுதியில் உலர்த்திய கொட் மீனைக் கம்பனி தான் வைத்த விலைக்கு எடுத்து அக்கடனிற் கழிக்கும். கடன் தீராது, தந்தையின் படகோடு தந்தையின் கடனும் மகனைச் சேரும். 1909இல் ரிவியேர் ஓ ரெனார் என்ற ஊரின் மீனவர்கள் நியாய விலை கேட்டுக் கிளர்ந்தனர். படையினர் வந்திறங்கினர், மீனவர்கள் கைதுசெய்யப்பட்டனர்.

இத்தகைய மக்களிடையே கொட் மீனும் சமன் மீனும் குறைந்துவிட்டன என்ற முறைப்பாடு 1920களில் எழுந்தபோது, அரசு விலையையும் கடனையும் ஆராயப் புகவில்லை. மீனைத் தின்று தீர்ப்பது வெண் திமிங்கிலமே என்ற கூற்றை ஏற்றுக்கொண்டது. 1920களின் இறுதியில் விமானங்களிலிருந்து திமிங்கிலக் கூட்டங்கள் மீது குண்டுகள் போடப்பட்டன. 1932 தொடக்கம் 1938 வரை, கொன்ற திமிங்கிலம் ஒன்றுக்கு 15 டொலர் வீதம் மாகாண அரசு சன்மானம் வழங்கியது. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில் 15 டொலர் ஒரு மீனவக் குடும்பத்துக்கு என்னவாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், துவக்கை எடுத்தவனை நாம் எளிதிற் குறைகூற மாட்டோம். அவ்வாண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டன. கம்பனிக் கடையின் கணக்குப் புத்தகத்தில் அதனால் ஒரு வரியும் மாறவில்லை.

குற்றத்தை விசாரிக்கும் எண்ணம் தண்டனை நிறைவேறிய பின்னரே அரசுக்குத் தோன்றியது. கார்கிவ் நகரிற் பிறந்து, பிராக் நகரிற் கல்வி கற்று, கனடாவிற் குடியேறிய மீனியல் அறிஞர் வதிம் விளாதிக்கோவ் இப்பணியை ஏற்றார். அவர் செய்த காரியம் மிக எளியது. அதற்கு முன் எவரும் முறையாகச் செய்யாதது. கொல்லப்பட்ட திமிங்கிலங்களின் இரைப்பைகளைத் திறந்து, உள்ளே இருந்ததை எண்ணினார். கப்பெலின் என்னும் சிறுமீனும், மணலிற் புதைந்து வாழும் மெல்லிய சிறுமீனும், சேற்றுப் புழுக்களுமே பெரும்பாலும் காணப்பட்டன. சமன் மீனை அழிப்பது இப்பிராணியே என்ற வாதத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அவருடைய அறிக்கை 1944இல் வெளிவந்தது. திமிங்கிலம் விடுதலை பெற்றது எனலாம். ஆயினும் வேட்டையைச் சட்டம் முற்றாகத் தடுத்தது 1979இலேயே. ஓர் உண்மை அச்சேறியதற்கும் அது சட்டமானதற்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள்.

இவ்விடைக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கலையார்வமுள்ள வாசகர் அறிந்திருத்தல் நன்று. கூத்ர் தீவின் கிழவர்கள் 1924உடன் கைவிட்ட பட்டி வேட்டையை, பியேர் பெரோ, மிஷெல் புரோ என்ற இரு திரைப்படக் கலைஞரின் தூண்டுதலால் 1962இல் மீண்டும் ஒருமுறை நடத்தினர். கழி நடும் கைகளையும், தொழிலைப் பற்றிக் கிழவரும் இளைஞரும் புரியும் தர்க்கங்களையும் நடிகரின்றி அப்படியே பதிந்த அப்படம் 1963இற் கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. உழைப்பின் நினைவைப் போற்றிய சிறந்த படைப்பென்றே நாம் அதனைக் கருதுகிறோம். பிடிபட்ட திமிங்கிலம் உயிருடன் நியூயோர்க் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அப்போது அந்நீரில் என்ன கலந்திருந்தது என்பதை அக்கிழவரும் அறியார், கலைஞரும் அறியார்.

கூத்ர் தீவுக்கு வடக்கே, சகனே நதியின் மேற்பகுதியில், 1926இல் ஆர்விடா என்ற நகரம் எழுந்தது. அமெரிக்க அலுமினியக் கம்பனியின் தலைவரான ஆர்தர் வைனிங் டேவிஸ் என்பாரின் பெயரெழுத்துக்களைச் சேர்த்தே நகருக்குப் பெயரிட்டனர். அணைகட்டி எடுத்த நதியின் மின்சக்தி மலிவு. பிரித்தானிய கயானாவில் வெட்டிய பொக்சைற் மண் மலிவு. பண்ணைகளிலிருந்து வந்த கியூபெக் உழைப்பாளியும் மலிவு. பின்னர் அல்கான் எனப் பெயர்பெற்ற கம்பனியின் கையில், இரண்டாம் உலக யுத்தக் காலத்திற் போர்விமானங்களுக்கு வேண்டிய அலுமினியத்தை வார்க்கும் பேராலையாக அது வளர்ந்தது. அங்கே பயன்பட்ட சோடர்பெர்க் உலைகளில், கரித்தூளையும் நிலக்கரிக் கீலையும் குழைத்த பசையை உலைக்கு மேலே இட, உலையின் வெப்பத்தாலேயே அது வெந்து மின்வாயாகும். கீல் வேகும்போது எழும் புகையில் பென்சோபைரீன் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளன. தொழிலாளி அதைச் சுவாசித்தான். எஞ்சியது காற்றோடும் கழிவுநீரோடும் சகனேயில் இறங்கி, அடிச்சேற்றிற் படிந்தது.

1941 யூலையில், கடும் வெப்பத்தின் நடுவில், கூலிக் குறைவால் நொந்த ஏறக்குறைய 4,500 தொழிலாளர் அவ்வாலையில் வேலையை நிறுத்தினர். உலைகளில் உலோகம் உறைந்தது. இது எதிரிநாட்டான் ஒருவனின் நாசவேலை எனக் கனடிய மந்திரி ஹவ் குற்றஞ்சாட்டினார், இராணுவம் வந்தது. பின்னர் நியமிக்கப்பட்ட றோயல் கமிஷன் நாசவேலை எதுவும் இல்லையென முடிவுசெய்தது. திமிங்கிலத்தின் இரைப்பையைத் திறந்து பார்த்த விளாதிக்கோவின் அறிக்கை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே மாகாணத்தில், உழைப்பாளரும் பொய்க் குற்றச்சாட்டொன்றிலிருந்து இவ்வாறு விடுதலை பெற்றனர்.

1970களின் பிற்பகுதியில் லியோன் பிப்பார்ட் முதலியோர் எண்ணியபோது சில நூறு திமிங்கிலங்களே எஞ்சியிருந்தன. வேட்டை தடைசெய்யப்பட்ட பின்னும் கூட்டம் பெருகக் காணோம். 1982இல் பியேர் பெலான் என்ற விஞ்ஞானியும் டானியல் மார்த்தினோ என்ற மிருக வைத்தியரும் கரையொதுங்கிய உடல்களைச் சேர்த்துப் பிரேத பரிசோதனை செய்யத் தொடங்கினர். விளாதிக்கோவ் இரைப்பையிற் தேடியது திமிங்கிலம் மனிதனிடமிருந்து எடுத்ததை. இவர்கள் கொழுப்பிலும் குடலிலும் கண்டது மனிதன் திமிங்கிலத்துக்குக் கொடுத்ததை. மின்மாற்றிகளிற் பயன்பட்ட பீ.சீ.பீ., பயிர்களுக்குத் தெளித்த டீ.டீ.ரீ., எறும்பு கொல்லும் மைரெக்ஸ் ஆகிய யாவும் அங்கிருந்தன. சில உடல்களில் இருந்த பீ.சீ.பீ., பத்து இலட்சத்தில் 50 பங்கு என்ற அளவைத் தாண்டியது. கனடியச் சட்டப்படி அவ்வளவு கொண்ட பொருள் அபாயக் கழிவு எனக் கருதப்படும். தாய் தன் உடலிற் சேர்த்த நஞ்சின் ஒரு பகுதியைப் பாலோடு கன்றுக்கு ஊட்டிவிடுவதால், பெண் திமிங்கிலங்களில் நஞ்சு ஆணிலும் குறைவாக இருந்தது.

மைரெக்ஸ் வந்த வழி வியப்புக்குரியது. கழிமுகத்தை அண்டிய ஆலை எதுவும் அதைச் செய்யவில்லை. தொலைவில் நயாகரா நதிக்கரையிற் செய்யப்பட்ட நஞ்சு ஒன்ராறியோ ஏரியிற் கலந்தது. அங்கே ஆண்டுக்கணக்கில் வளர்ந்து கொழுத்த விலாங்குகள், முட்டையிடக் கடலுக்கு இறங்கும் இலையுதிர்காலத்திற் கழிமுகத்தைக் கடந்தன. வழியில் திமிங்கிலங்கள் அவற்றை உண்டன.

புற்றுநோயே அதிர்ச்சி தந்த முடிவு. 1983 முதல் 1999 வரை பரிசோதித்த வளர்ந்த திமிங்கிலங்களில் 27 சதவீதத்திற் புற்றுநோய் இருந்தது. வேறெந்தத் திமிங்கிலக் கூட்டத்திலும் இத்தகைய நிலை அறியப்படவில்லை. இதே காலப்பகுதியில், 1984இல், ஜில் தெரியோவும் உடனாய்வாளரும் அலுமினிய ஆலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் அவர்கள் சுவாசித்த கீற்புகைக்கும் உள்ள தொடர்பை லன்செற் சஞ்சிகையில் வெளியிட்டனர். ஓர் ஆலையின் புகை. உள்ளே மனிதன், வெளியே திமிங்கிலம்.

ஆட்சேபங்கள் எழாமல் இல்லை. தொழிலாளிக்கு நோய் வந்தது சிறுநீர்ப்பையில், திமிங்கிலத்துக்கு வந்தது குடலில். இரண்டையும் எவ்வாறு ஒப்பிடலாம் என்று கேட்டனர். கரையொதுங்குவன பெரும்பாலும் முதியவையே என்றனர். பின்னது சிந்திக்கத்தக்கது. முன்னதற்கு மார்த்தினோ குழுவினர் மறுமொழி கூறினர்: தொழிலாளி நஞ்சைச் சுவாசித்தான், திமிங்கிலமோ சேற்றைக் கிளறி இரைதேடும்போது அதை விழுங்கியது, நிலக்கரித் தார் கலந்த உணவுண்ட சுண்டெலிகளுக்கும் சிறுகுடலிலேயே கட்டி வந்தது. ஐயமற நிறுவப்படும்வரை உற்பத்தி தொடரட்டும் என்பதே உடைமையாளரின் நிலைப்பாடு எங்கும். திமிங்கிலத்தைக் கொல்லும்போது அத்தகைய நிரூபணம் எதனையும் எவரும் கேட்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

நஞ்சு குறைந்தபோது நோயும் குறைந்தது. பீ.சீ.பீ. 1977இல் தடைசெய்யப்பட்டது, ஆலைகளின் தார்க் கழிவும் 1970களிலிருந்து குறைக்கப்பட்டது. 1983 முதல் 2012 வரையான பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வில், 1971க்குப் பின் பிறந்த திமிங்கிலங்களிற் புற்றுநோய் காணப்படவில்லை.

பழைய சோடர்பெர்க் உலைகள் முடிந்த விதம் இடதுசாரிகளான எம்மைச் சங்கடத்துக்குள்ளாக்குவது. 2004 ஜனவரியில், ஏறக்குறைய 550 பேரின் வேலையைப் பறித்து, குறித்த காலத்துக்கு முன்னரே அவ்வுலைகளை மூடப்போவதாக அல்கான் அறிவித்தது. தொழிலாளர் ஆலையைத் தம் வசப்படுத்தி, நிர்வாகமின்றித் தாமே மூன்று வாரமளவில் உலைகளை இயக்கி அலுமினியம் வார்த்தனர். உழைப்பவரால் உற்பத்தியை நடத்த முடியும் என்பதற்கு அதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயின் அவர்கள் காக்க முனைந்தது தம் சிறுநீர்ப்பையை அரித்த அதே உலையை. இதைக் காட்டி, சூழலைக் காப்போர் தொழிலாளரின் பகைவர் என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் ஆயத்தமாயிருக்கும். நச்சுலையை மூடுவதையும் மூடியபின் அவ்வுழைப்பாளருக்கு வேலை தருவதையும் ஒரே கோரிக்கையாக்க அங்கு எந்த அரசும் முன்வரவில்லை. மீனவனின் கடனைத் தொடாமல் 15 டொலர் கொடுத்த அரசின் வழித்தோன்றல்தானே அது. 2007இல் அல்கானை றியோ ரின்ரோ கம்பனி வாங்கியது.

1998இல் சகனேயும் சென் லோறன்ஸும் கூடும் பகுதி கடற் பூங்காவாக்கப்பட்டது. ஆயினும் ஆபத்து வேறுருவில் வந்தது. 2012இல் 16 கன்றுகள் இறந்தொதுங்கின. 2010 தொடக்கம் ஈனும் தறுவாயில் இறக்கும் தாய்களும் அதிகரித்தன. கப்பல் இரைச்சலில் தாயின் குரலைக் கன்று கேட்கவியலாமை, இரைமீன் குன்றியமை, நீர் வெம்மையுற்றுப் பனி குறைந்தமை எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. 2014இல், திமிங்கிலங்கள் கன்றோடு கூடும் ககூனாவில் எண்ணெய்த் துறைமுகம் அமைக்க ஒரு குழாய்க் கம்பனி துளையிடத் தொடங்கியது. கடற்பாலூட்டிகள் பற்றி விஞ்ஞானிகளின் கருத்தை அரசு உரியவாறு பெறாமலே அனுமதி வழங்கியதைக் காட்டி, கியூபெக் மேல்நீதிமன்றம் அவ்வேலையை இடைநிறுத்தியது. அடுத்த ஆண்டு ஏப்ரிலிற் கம்பனி அத்துறைமுகத்தைக் கைவிட்டது.

2012இல் இக்கூட்டத்தின் தொகை 889 எனக் கணிக்கப்பட்டிருந்தது. கணிப்பு முறையைத் திருத்தி 2023இல் வெளியிட்ட மதிப்பீடோ 1,850 என்கிறது. இது பெருக்கமன்று, முன்பு குறைத்து எண்ணியதன் திருத்தமே. கரையொதுங்கும் உடல்கள் ஆண்டுக்குச் சராசரி பதினைந்து. கெடாதவற்றைத் தெரிந்தெடுத்து, லொறியில் ஏற்றி, மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்கு இன்றும் கொண்டுசெல்கின்றனர்.