உயர்கல்விச் செலவு: தமிழ்நாட்டுக் குடும்பங்களின் ஏற்பாடுகள்

பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காகத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பொருள் சேர்த்தும் கடன்பட்டும் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் பலவாகும். சம்பாத்தியம் மாதந்தோறும் சிறுகச் சிறுகவோ அறுவடை முடிந்தபின் மொத்தமாகவோ கைக்கு வர, கல்லூரிக் கட்டணமோ கலந்தாய்வு முடிந்த சில தினங்களுக்குள் செலுத்தப்பட வேண்டியதாயிருப்பதால், அந்த இடைவெளியைக் கடப்பதே இவை யாவற்றுக்கும் பொதுவான பிரயோஜனம்.

இவற்றுள் நெடுங்காலமாக வழங்கிவருவது சீட்டு. பிள்ளை மேல்நிலை வகுப்பில் சேரும்போதே ஏலச்சீட்டொன்றில் சேர்ந்து, கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் அதைத் தள்ளி, அதாவது தொகையில் ஒரு பகுதியைக் கழிவாக விட்டு, எடுப்பது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கம். அவசரம் மிகுந்தவரே அதிகமாகத் தள்ள நேர்வது இதன் குறை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டுத்தானா என்று விசாரியாமல் பணம் கட்டுவது பெரும் அபாயம்.

சீட்டுக்கு அடுத்தபடி துணைநிற்பது தாயின் நகை. காலையில் வங்கிக்குச் சென்றால் மாலைக்குள் பணம் கிடைத்துவிடும் சௌகரியத்தால், வேறெந்த வழியையும் யோசிக்குமுன் பலர் இதையே நாடுகின்றனர். ஆயினும் ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்து, நான்காண்டுப் படிப்பு முடிவதற்குள் நகை மூழ்கிப்போகும் குடும்பங்களின் துயரம் சாமானியமானதன்று.

முன்கூட்டிச் சேமிப்போருக்கு 2015இல் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டம் உதவுகிறது. பத்து வயதுக்குட்பட்ட பெண்ணின் பெயரில் ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை செலுத்தலாம். பதினெட்டு வயதிலோ பத்தாம் வகுப்புத் தேறியபின்போ உயர்கல்விக்காகப் பாதித் தொகை வரை பெறலாம்.

கல்விக் கடன் இவற்றினின்று தன்மையிலேயே வேறுபட்டது. ஏனைய கடன்களைப் பெற்றோரின் வருமானம் தீர்க்க, இதையோ பிள்ளையின் வருங்கால வருமானம் தீர்க்கிறது. இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டுவதில்லை. படிப்புக்காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை. எனினும் அக்காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கு மேற்படாத தொழிற்கல்வி மாணவர்க்கு இவ்வட்டியை ஏற்கும் திட்டத்தை மத்திய அரசு 2009இல் ஏற்படுத்தியது. பெற்றோரும் கூட்டாகக் கையெழுத்திடுவதால், வேலை கிடைக்கத் தாமதிக்கும் பிள்ளையின் கடன் அவர்களின் முதுமையில் வந்து விழுவதும் உண்டு. ஆகவே, கிடைக்கும் அளவையன்றித் தேவைப்படும் அளவையே கடனாகப் பெறுதல் விவேகம்.

அரசின் உதவிகளும் கணிசமானவை. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவர்க்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால், 2010-11 முதல் கட்டணச் சலுகை உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் முதலிய தொழிற்கல்விப் படிப்புகளில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் படிப்பு, விடுதிக் கட்டணங்களை 2021 முதல் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தோன்றின.

இச்சலுகைகளுள் பலவற்றுக்குச் சான்றிதழ்கள் அவசியம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையிலேயே பெற்றோர் வருமானச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பெற்றுவைத்துக்கொண்டு, கடனுக்கான விண்ணப்பத்தையும் விசாரித்தறிந்து, அதன்பின்னரே நகைப்பெட்டியைத் திறப்பார்களாக.