நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்த தாள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பேத்தி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பொங்கல் வாழ்த்து அட்டை செய்து வரச் சொன்னார்களாம். "ஆச்சி, பூப்போட்ட பேப்பர் இருக்கா?" என்று கேட்டாள். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். என்னிடம் படித்தவர்களுக்கு அந்தப் பெட்டி தெரியும். கைவேலை வகுப்பு என்றால் இரண்டு பேர் தூக்கி வருவீர்கள். பூப்போட்டது, கட்டம் போட்டது, ஜிகினாத் தாள், கல்யாணப் பத்திரிகை அட்டை, காலண்டர்த் துண்டு என்று வேலையில் இருந்த காலம் முழுக்கச் சேர்த்தது.

அவள் அடியில் கைவிட்டு ஒரு தங்க நிறத் தாளை உருவினாள். "அது நல்ல தாள், வை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. இதே தாளைக் காட்டி, இதே வார்த்தையை வேறொரு பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தத் தாள்களெல்லாம் நம் ஊர்ப் பெட்டிக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்ற கதை.

பெட்டியில் மிகப் பழையது, கிழிந்த பதிவேட்டு அட்டையிலிருந்து உரித்து எடுத்த தாள். மேகம் கலைந்தது போல, பளிங்கில் ஓடும் ரேகை போல நீலமும் சிவப்பும் கலந்திருக்கும். இந்த வடிவத்துக்குப் பெரிய வம்சாவளி உண்டு. ஜப்பானில் இதைச் சுமிநாகாஷி என்பார்கள், ஓடும் மை என்று பொருள். துருக்கியில் எப்ரு. பிசின் கரைத்த நீரில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக மிதக்கவிட்டு, ஊசியாலோ சீப்பாலோ கோதி, மேலே தாளை விரித்து எடுப்பார்கள். ஒரு முறை வந்த கோலம் மறுமுறை வராது. நம் நாட்டில் 17ஆம் நூற்றாண்டிலேயே பிஜப்பூர் ஓவியர்கள் இந்த முறையில் படங்கள் செய்திருக்கிறார்கள். ஐரோப்பியப் புத்தகக் கட்டுநர்கள் கைக்குப் போய், கணக்குப் பேரேடுகளின் அட்டையாகி, கடைசியில் நமது வருகைப் பதிவேட்டுக்கும் வந்தது. "உள்ளேன் டீச்சர்" என்று நீங்கள் சொன்னதெல்லாம் அந்த மேகத்துக்கு அடியில்தான் பதிவாகியிருக்கிறது.

மீதித் தாள்களில் பாதிக்கு மேல் சிவகாசிச் சரக்கு. விருதுநகர் – தென்காசி ரயில் பாதையில் சிவகாசி, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டினால் நம் சங்கரன்கோவில். அந்த ஊர்ச் சரக்கு நம் ரத வீதிக் கடைகளுக்கு வருவதில் ஆச்சரியம் என்ன? 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து அட்டை என்று வரிசையாக வந்தன. பக்கத்தில் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) அவர்களும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராகி வீட்டுக்கு வீடு தொங்கின.

அச்சகத்தில் வேலையைத் தொடங்கும்போது மை சரியாக விழுகிறதா, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் விலகாமல் உட்காருகிறதா என்று பார்க்கச் சில தாள்களை ஓட்டிப் பார்ப்பார்கள். அதே தாளை அடுத்த வேலைக்கும் ஓட்டுவார்கள். முருகன் மேல் வெடி லேபிள், அதன் மேல் ரோஜாப்பூ, அதன் மேல் கரும்பு என்று அச்சு ஏறிக்கொண்டே போகும். இந்த வேஸ்ட் ஷீட்டைத்தான் உறவினர் ஒருவர் எனக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து தருவார். எந்த ஓவியனும் திட்டமிட்டு வரைய முடியாத அழகு அது.

வாழ்த்து அட்டைக்கு வருவோம். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஓர் அட்டை வரைந்து அச்சிட்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் தொடக்கம் அதுதான். நம்மிடம் அது பொங்கல் அட்டையாகத் தழைத்தது. திராவிட இயக்கம் பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்தியபோது அந்த வழக்கம் வலுப்பட்டது. பொங்கல் பானை, ஏறுதழுவும் காளை, திருவள்ளுவர், எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல். மார்கழி பிறந்தாலே கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டு விற்பார்கள். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால் செலவு குறைவாக இருந்தது. செல்போன் வந்த பிறகு அந்தக் கயிறும் இல்லை, அட்டையும் இல்லை.

கடை அட்டை வாங்கக் காசில்லாத பிள்ளைகள் நம் வகுப்பில் பாதிக்கு மேல். அதனால்தான் அட்டை செய்யக் கற்றுக் கொடுத்தேன். இப்போது பேத்திக்கும் அதையே சொன்னேன். உங்களுக்கும் மறந்திருக்கும், கேளுங்கள்.

தாளை நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள், அளவு பார்த்துப் பிரியுங்கள். முழுத் தாள், அரைத் தாள், உள்ளங்கை அளவு, விரல் அகல நாடா என்று நான்கே கட்டு. நாடாவிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். சிறியது தீர்ந்த பிறகே பெரியதில் கத்தரி வைக்கலாம். 20க்கு 30 அங்குலத் தாளில், 5க்கு 7 அங்குல அட்டை 16 வரும், 2 அங்குலத்தில் ஒரு நாடா மிஞ்சும். அந்த நாடாவே அட்டைகளுக்குக் கரை. சுருட்டி வைக்காமல் படுக்க வையுங்கள். ராமபாணப் பூச்சி வராமல் இருக்க வசம்பு போடுங்கள். பைண்டிங் செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகள் கை படும் என்பதால் நான் கலப்பதில்லை. பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம்.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு ஒன்று தெரியாமல் போனது.

எண்பதுகளில் ஒரு பிள்ளை படித்தாள். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். அதனாலோ என்னவோ, அவள் ஒட்டினால் தாளில் ஒரு குமிழி இருக்காது, ஓரத்தில் பசை பிதுங்காது. வகுப்பில் யார் கைக்கும் அந்தச் சுத்தம் வரவில்லை, என் கைக்கும்தான். அவளுடைய அப்பா பம்பாயில் வேலை பார்த்தார். பொங்கலுக்கு அவருக்கு அட்டை அனுப்ப வேண்டும் என்று, இந்தத் தங்கத் தாளில் ஒரு துண்டு கேட்டாள். "அது நல்ல தாள்மா. ஆண்டு விழாவுக்கு ஆகும், வச்சிருப்போம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பழுப்புத் தாளில் நாடா ஒட்டிச் செய்துகொண்டு போனாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தீப்பெட்டி வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். இன்னொரு முறை போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. அந்த ஆண்டு விழாவுக்கு இந்தத் தாள் தேவைப்படவும் இல்லை.

1949இல் யுனிசெஃப் நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டைக்கு ஓவியம் தந்தவள் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி. போருக்குப் பிறகு தாள் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாளாம். வகுப்பில் இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தாள் இல்லாத இடத்தில் ஒரு பிள்ளை கண்ணாடியில் வரைந்தாள். தாள் இருந்த இடத்தில் ஒரு டீச்சர் அதைப் பூட்டி வைத்தேன்.

பேத்தியிடம் கத்தரியைக் கொடுத்தேன். தங்கத் தாளின் ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது, மடிப்பில் பொரிந்தது. 16 வர வேண்டிய இடத்தில் 9 அட்டைதான் தேறியது. எடுத்து வைத்ததில் ஏழு அட்டை வீணாய்ப் போனது, வேறொன்றும் இல்லை.

அந்த ஒன்பதில் ஒன்று அவளுக்கு. அவளோடு படித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். முகவரி தெரிந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், பெயரைக் கீழே எழுத வேண்டாம். மற்றவர்களும் முகவரி அனுப்பலாம். தங்கம் இல்லாவிட்டால் பூப்போட்டது வரும். இந்தத் தைக்குள் பெட்டியைக் காலி செய்துவிடுவதாக இருக்கிறேன்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சங்கரன்கோவில்.