ஆவடி டாங்கித் தொழிற்சாலைகளின் நிறுவனமயமாக்கம்

ஆவடி டாங்கித் தொழிற்சாலைகளின் நிறுவனமயமாக்கம் என்பது, சென்னைக்கு மேற்கே ஆவடியில் அரசுத் துறையின் உறுப்புகளாக இயங்கிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் 1 அன்று வணிக நிறுவனம் ஒன்றின் அலகுகளாக மாற்றப்பட்டதைக் குறிக்கும். இந்நிறுவனம் ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் (சுருக்கமாக ஏ.வி.என்.எல்.) எனப்படுகிறது. இதன் தலைமையகம் ஆவடியில் உள்ளது. பங்குகள் முழுவதும் இந்திய அரசுக்கு உரியவை. டாங்கிகளை வடிவமைக்கும் ஆவடி ஆய்வு நிறுவனம் இம்மாற்றத்தில் சேர்க்கப்படவில்லை; அது அரசுத் துறையாகவே நீடிக்கிறது.

பின்னணி

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக ஏற்றது. அதன்பின் சில ஆண்டுகளில், 1961 இல், கனரக வாகனத் தொழிற்சாலை இங்கு நிறுவப்பட்டது. பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பைக் கொண்ட விஜயந்தா டாங்கி 1965 இறுதியில் முதன்முதலாக இங்கிருந்து வெளிவந்தது. பின்னர் டி-72 (அஜேயா), டி-90 (பீஷ்மா) ஆகிய டாங்கிகள் உரிமம் பெற்று இங்கு தயாரிக்கப்பட்டன. உரிமத்தின் கீழ் முழுமையாக உருவான முதல் டி-90 டாங்கிகள் 2009 ஆகஸ்டில் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டன.

இத்தொழிற்சாலைகள் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் கீழ் இருந்தன. வாரியம் 1979 இல் அமைக்கப்பட்டது. எனினும் அதன் மிகப் பழைய தொழிற்சாலையான காசிப்பூர் பீரங்கித் தொழிற்சாலையின் தொடக்கம் 1801 ஆகும். வாரியம் தனி நிறுவனம் அன்று; பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பகுதி. தரைப்படை தனது தேவையை இண்டென்ட் எனப்படும் தேவைப்பட்டியலாக அனுப்பும். தொழிற்சாலை இலாபமோ நட்டமோ இன்றிப் பொருளைத் தயாரித்து வழங்கும்.

மாற்றம்

2004-05 இல் விஜய் கேல்கர் தலைமையிலான குழு இத்தொழிற்சாலைகளை நிறுவனமாக மாற்றப் பரிந்துரைத்தது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அது நீண்டகாலம் நடைமுறைக்கு வரவில்லை. 2020 மே மாதம் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் இம்முடிவை மீண்டும் அறிவித்தார். 2021 ஜூன் 16 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. அக்டோபர் 1 அன்று வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 தொழிற்சாலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களிடம் பிரித்தளிக்கப்பட்டன.

ஏ.வி.என்.எல். நிறுவனத்துக்கு வந்த தொழிற்சாலைகள் ஐந்து:

• கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடி
• எஞ்சின் தொழிற்சாலை, ஆவடி
• படைக்கலத் தொழிற்சாலை, மேடக் (தெலங்கானா)
• வாகனத் தொழிற்சாலை, ஜபல்பூர் (மத்தியப் பிரதேசம்)
• இயந்திரக் கருவி முன்மாதிரித் தொழிற்சாலை, அம்பர்நாத் (மகாராட்டிரம்)

ஆவடியிலேயே உள்ள படை உடைத் தொழிற்சாலை இந்நிறுவனத்தில் சேராமல், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் நிறுவனத்துக்குச் சென்றது.

நிலுவையில் இருந்த தேவைப்பட்டியல்கள் வணிக ஒப்பந்தங்களாக மாற்றப்பட்டன. ஏழு நிறுவனங்களுக்கும் சேர்த்து இவற்றின் மதிப்பு சுமார் 65,000 கோடி ரூபாய் என அரசு தெரிவித்தது. ஒப்பந்த முறையில் விலை, வழங்கும் நாள் ஆகியவற்றுக்கு நிறுவனமே பொறுப்பாகிறது.

தொழிலாளர் நிலை

தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் 2019 ஆகஸ்ட் 20 அன்று ஒரு மாத வேலைநிறுத்தத்தைத் தொடங்கி, பேச்சுவார்த்தைக்குப் பின் சில நாட்களில் நிறுத்தின. 2021 ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, ஜூன் 30 அன்று, அரசு இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகள் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக நிறைவேற்றியது. தடை செய்யப்பட்ட வேலைநிறுத்தத்தில் பங்கேற்போருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்க அச்சட்டம் வழிசெய்தது. இச்சட்டம் ஓராண்டுக் காலத்துக்கு மட்டுமே இயற்றப்பட்டதாகும்.

ஊழியர்கள் மத்திய அரசு ஊழியர் என்ற நிலை மாறாமல், முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு, டெபுடேஷன் எனப்படும் அயற்பணியில் நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டனர். இக்காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஓய்வூதியப் பொறுப்பை அரசே ஏற்றது. அயற்பணி முடிந்தபின் அரசு ஊழியர் நிலை தொடருமா, நிறுவன ஊழியராக மாற வேண்டுமா என்பதே தொழிற்சங்கங்கள் எழுப்பிவரும் முதன்மையான கேள்வியாகும்.

ஆய்வு நிறுவனமும் உற்பத்தியும்

போர் வாகன ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம், பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் ஆய்வகங்களுள் ஒன்று. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது இதுவே. 1974 இல் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தின் முதல் உற்பத்தி டாங்கிகள் 2004 இல்தான் தரைப்படையிடம் வழங்கப்பட்டன. ஆய்வகம் வடிவமைக்க, அருகிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலை உற்பத்தி செய்தது.

அர்ஜுனுக்குக் கிடைத்த ஆணைகள் குறைவு. 2000 ஆம் ஆண்டில் 124 டாங்கிகளுக்கு ஆணை வந்தது. 72 மேம்பாடுகளைக் கொண்ட அர்ஜுன் மார்க்-1ஏ வகையில் 118 டாங்கிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆணை 2021 செப்டம்பர் 23 அன்று, அதாவது வாரியம் கலைக்கப்படுவதற்கு எட்டு நாட்களுக்கு முன், வழங்கப்பட்டது. இதனை நிறைவேற்றும் பொறுப்பு புதிய நிறுவனத்தைச் சேர்ந்தது.

ஆய்வகத்தின் வடிவமைப்புகள் அனைத்தும் ஆவடித் தொழிற்சாலைக்கே வரும் என்ற நிலை இன்று இல்லை. இதே ஆய்வகம் உருவாக்கிய சொராவர் இலகுரக டாங்கிக்குத் தனியார் நிறுவனமான லார்சன் அண்ட் டூப்ரோ கூட்டாளியாக அமைந்தது. அதன் முன்மாதிரி 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஆதரவும் எதிர்ப்பும்

தன்னாட்சி, பொறுப்புடைமை, செலவுக் குறைப்பு, ஏற்றுமதி வாய்ப்பு ஆகியவற்றை அரசு காரணங்களாகக் கூறியது. போர்க்காலத் தேவைக்காக அமைதிக் காலத்திலும் உற்பத்தித் திறனைப் பேணுவது வணிகக் கணக்கில் அடங்காது என்றும், பெரும்பாலும் ஒரே வாடிக்கையாளரை நம்பியுள்ள தொழிற்சாலை ஆணைகள் குறையும்போது நலிவடையும் என்றும் தொழிற்சங்கங்கள் வாதிட்டன. இது தனியார்மயத்துக்கு முதற்படி என்ற அச்சத்தையும் அவை தெரிவித்தன. தனியார்மயமாக்கும் நோக்கம் இல்லை என அரசு மறுத்தது.

2025 மார்ச்சில் டி-72 டாங்கிகளுக்கு 1000 குதிரைத்திறன் எஞ்சின்களைப் பெற உருசியாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 24.8 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆவடியில் அவற்றைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஏ.வி.என்.எல். நிறுவனத்துக்கு வழங்குவதும் இதில் அடங்கும். 2025 மே மாதம் இந்நிறுவனத்துக்கு மினிரத்னா முதல் வகைத் தகுதி வழங்கப்பட்டது. இத்தகுதி பெற்ற பொதுத்துறை நிறுவனம் குறிப்பிட்ட வரம்பு வரையிலான முதலீடுகளை அரசின் முன் ஒப்புதல் இன்றித் தானே முடிவு செய்யலாம்.

இவற்றையும் பார்க்க

• ஆவடி
• அர்ஜுன் (டாங்கி)
• விஜயந்தா (டாங்கி)
• பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு
• இந்தியப் பொதுத்துறை நிறுவனங்கள்