மஞ்சள் சுவருக்கு முன்னாடி ஒரு செய்தி: 1908, பாண்டிச்சேரி

பாண்டிக்குப் போனா ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் முன்னாடி நின்னு ஒரு ரீல் எடுக்காம வர்றவங்க கம்மி. இப்ப அதே ஊர்ல போனை வெச்சு செய்தி எடுக்கக் கத்துக்கிற பசங்களும் இருக்காங்க. அவங்களுக்கு முன்னாடியே, கேமராவே இல்லாம, படத்துல செய்தி சொன்ன ஒரு ஆள் அந்த ஊர்ல இருந்தார். பாரதியார்தான். கவிஞர் பாரதியை இன்னைக்கு ஓரமா வெச்சிடுவோம். பத்திரிகைக்கார பாரதியைப் பேசுவோம்.

‘இந்தியா’ வார இதழ் 1906-ல் சென்னையில் தொடங்கியது. எழுத்தும் ஆசிரியர் வேலையும் பாரதி. ஆனா சட்டப்படி பதிவான ஆசிரியர் எம். சீனிவாசன் என்கிற இன்னொருவர். 1908-ல் ராஜதுரோக வழக்கு வந்தபோது போலீஸ் பிடிச்சது அவரைத்தான். ஐந்து வருடம் தண்டனை. பாரதி பிரெஞ்சு எல்லைக்குள்ள, புதுச்சேரிக்கு வந்துட்டார். அக்டோபர் மாதமே ‘இந்தியா’ அங்கிருந்து மறுபடி வர ஆரம்பிச்சது. பத்திரிகையின் முழக்கம் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பிரெஞ்சுப் புரட்சியின் அதே மூணு வார்த்தை.

இதழோட பெரிய பலம் முதல் பக்கத்துக் கருத்துப்படம். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்தை முதலில் கொண்டு வந்தது ‘இந்தியா’தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1911 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நூற்றுக்குச் சுமார் ஆறு பேர். ஒருத்தர் வாசிக்க, சுத்தி நாலு பேர் கேட்கிற காலம். அந்த நாலு பேரும் தாங்களே பார்த்துப் புரிஞ்சுக்கலாம்னா அது படம்தான். என்ன வரையணும்னு பாரதி யோசிச்சுச் சொல்வார்; ஓவியர் வரைவார்; கூடவே விளக்கமும் போகும். மிதவாதத் தலைவர்கள் மேல கிண்டல், ஆட்சியின் சுரண்டல், எதுவா இருந்தாலும் ஒரே ஃபிரேம்ல அடங்கணும். அதுக்குத் தனியா பிளாக் செஞ்சு அச்சுல ஏத்தணும். மூணு நிமிஷ வீடியோவுல முப்பது ஷாட் திணிக்கிறவங்க இதை ஒரு தடவை பார்த்தா நல்லது.

சரி, சீனிவாசன் கதைக்கு வருவோம். எனக்கு இந்த வரலாற்றுல உறுத்துற இடம் அதுதான். சொன்னவர் ஒருத்தர், ஜெயிலுக்குப் போனவர் வேற ஒருத்தர். போன் வீடியோவிலும் இதேதான் நடக்குது. நீங்க எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவீங்க. ஃபிரேம்ல பேசின தொழிலாளி மறுநாள் அதே முதலாளிகிட்ட வேலைக்குப் போகணும். முகத்தைக் காட்டலாமான்னு அவரைக் கேட்டீங்களா? பின்னாடி கடைப் பலகை தெரியுதா? ஃபைலுக்குள்ள இடத்தோட விவரம் பதிவாகியிருக்கா? லைட்டிங், மைக் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

எடுத்தவங்களுக்கும் பாரம் உண்டு. 2020 மே 25, மினியாபொலிஸ். ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்துல போலீஸ்காரர் முழங்காலை வெச்சு அழுத்தினதை டார்னெல்லா ஃப்ரேசியர்னு 17 வயசுப் பொண்ணு போன்ல எடுத்தாங்க. போனை இறக்கலை, பாதியில நிறுத்தலை. மறுவருஷம் புலிட்சர் சிறப்பு அங்கீகாரம் கிடைச்சது. அந்த இரவுகளில் தூக்கம் போனதையும் அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க.

அவங்க வீடியோ ஃபேஸ்புக்ல ஏறி உலகம் முழுக்கப் போச்சு. பாரதிக்கு அந்த வழியைத்தான் அடைச்சாங்க. புதுச்சேரிக்குள்ள பிரிட்டிஷ் போலீஸ் நேரடியா கை வைக்க முடியாது. ஆனா வாசகர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில். அங்கே இதழ் நுழையத் தடை போட்டாங்க. அச்சகம் ஓடுது, இதழ் போய்ச் சேரலை, சந்தா வரலை. இன்னைக்கு ஒரு ஊர்ல இன்டர்நெட்டை நிறுத்துறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை. 1910 மார்ச்சோட ‘இந்தியா’ நின்னுபோச்சு.

அதுக்கு இடையிலதான் முழுக்க முழுக்கக் கருத்துப்படங்களுக்காகவே ‘சித்திராவளி’ன்னு ஒரு இதழ், தமிழிலும் இங்கிலீஷிலும் கொண்டுவர பாரதி முயற்சி பண்ணினார். அது கைகூடலை. ‘இந்தியா’ படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து நூலா கொண்டு வந்திருக்கார். லைப்ரரில கிடைச்சா, விளக்கத்தைக் கையால மூடிட்டு முதல்ல படத்தை மட்டும் பாருங்க.