திருவொற்றியூர்ப் புல்லட்டும் பத்துமலைப் பாதையும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துமலை அடிவாரத்தில் சற்று நேரம் நிற்போமானால், சாலையில் போகும் வண்டிகளின் இரைச்சலுக்கிடையே ஓர் ஓசை தனியே நம் காதில் விழும். டப், டப், டப் என்று, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு வருவது போன்ற ஓசை அது. திரும்பிப் பார்த்தால் வட்ட விளக்கு, உருண்டு திரண்ட பெட்ரோல் தொட்டி, அதன்மேல் பொன்னிறக் கோடு, பளபளக்கும் புகைக்குழாய் ஆகியவற்றோடு ஒரு மோட்டார் சைக்கிள் சுங்கை துவா வழியாக உலு யாம் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்கு அவசரம் இருப்பதாகத் தெரியாது.

"இது அந்தக் காலத்துத் துரைமார் வண்டி அல்லவா?" என்பார் நம் வீட்டுத் தாத்தா. "இல்லை தாத்தா, இது புது வண்டி" என்பான் பேரன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அது எவ்வாறு என்பதை இன்று காண்போம்.

முன்னாளில் தோட்டத்தில் ஒருவர் எதில் வருகிறார் என்பதைக் கொண்டே அவர் யார் என்று சொல்லிவிடலாம். துரைக்குக் காரோ மோட்டார் சைக்கிளோ இருந்தது. கிராணியார் சைக்கிளில் வந்தார். பால்வெட்டுத் தொழிலாளியின் தோளில் காண்டா வாளி தொங்கியது. அவருக்குக் கால்களே வண்டி. செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளின் ஓசை கேட்டால் பேச்சு நின்றுவிடும். அன்று மலாயாவில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப், ராயல் என்ஃபீல்ட் போன்ற ஆங்கிலேய வண்டிகளே பெயர் பெற்றவை.

இந்த நிலையை மாற்றியது ஜப்பானிய வண்டி. 1958ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் 49 சிசி எஞ்சின் கொண்ட கப் என்ற சிறு வண்டியை வெளியிட்டது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ என்னும் வணிகர் ஹோண்டா வண்டிகளை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். நாளடைவில் நாம் கப்சாய் என்று அழைக்கும் சிறு வண்டி லயத்து வாசலிலும் வந்து நின்றது. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், வேலைக்குப் போகவும் அது உதவியது. கனத்த ஆங்கிலேய வண்டிகள் நம் சாலைகளிலிருந்து சிறிது சிறிதாக மறைந்தன.

இங்கிலாந்திலும் அதே நிலைதான். ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் தொழிற்சாலை 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1930களின் தொடக்கத்தில் புல்லட் என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. அத்தனை பெருமை பெற்ற தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970க்குள் இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் தொழிலே முடிவுக்கு வந்தது.

ஆனால் புல்லட் மட்டும் சாகவில்லை. அதைக் காப்பாற்றியது சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த உறுப்புகளை நம்மவர்கள் பூட்டினார்கள். 1962க்குள் எல்லா உறுப்புகளையும் இந்தியாவிலேயே செய்யும் நிலை வந்தது. இராணுவத்தினரும் காவல்துறையினரும் அதை வாங்கினார்கள்.

1977இல் நடந்ததை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு புல்லட் வண்டிகள் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. கற்றுக்கொடுத்தவர்கள் கைவிட்ட தொழிலைக் கற்றுக்கொண்டவர்கள் கைவிடாமல் செய்து, அவர்களுக்கே விற்றார்கள். அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்த வண்டியிலும் பொறிக்கப்படவில்லை. காடு வெட்டி ரப்பர் நட்ட நம் முன்னோர் பெயர்களும் எந்தத் தோட்டத்துப் பலகையிலும் இல்லை. ஆகவே இந்த வரலாறு நமக்கு எளிதில் விளங்கும்.

இனி, அந்த ஓசைக்கு வருவோம். பழைய புல்லட்டின் எஞ்சினில் ஒரே சிலிண்டர். அதன் குறுக்களவு 70 மில்லிமீட்டர். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் 346 சிசி வரும். பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கினால்தான் ஒரு தடவை பெட்ரோல் வெடித்து எரிகிறது. அந்த இடைவெளியில் வண்டி தயங்கி நின்றுவிடாமல் கனத்த சக்கரம் ஒன்று உள்ளே சுழன்றுகொண்டிருக்கிறது. தையல் இயந்திரத்தில் காலை எடுத்த பிறகும் சக்கரம் சிறிது சுழல்கிறதே, அதுபோலத்தான். இதனால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவை கிடைக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே நம் காதுக்கும் எட்டுகிறது.

இந்த அமைப்பு வேகத்துக்கு ஏற்றதன்று. மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் அசைந்து போவதற்கே ஏற்றது. அதனால்தான் ஒரு காலத்தில் அதை வாங்க ஆள் குறைந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் தொழிலையே மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. ஆனால் நிறுவனம் அந்தக் குறையையே நிறையாக மாற்றிக்கொண்டது. 2009இல் இந்தியாவில் வெளிவந்த கிளாசிக் வண்டிக்கு 1950களின் தோற்றத்தைக் கொடுத்தார்கள்; எஞ்சினைப் புதிதாக அமைத்தார்கள். 2021இல் வந்த கிளாசிக் 350 வண்டியில் 349 சிசி எஞ்சின் இருக்கிறது. அதன் சக்தி சுமார் 20 குதிரைத்திறன். சுவிட்சை அழுத்தினால் எஞ்சின் புறப்படும். கண்ணுக்குத் தாத்தா காலத்து வண்டி; உள்ளே பேரன் காலத்து இயந்திரம்.

அப்படியானால், வேகமான வண்டிகள் எத்தனையோ இருக்க, நிதானமான வண்டியை மக்கள் ஏன் விரும்புகிறார்கள்? விடை பத்துமலையிலேயே இருக்கிறது. தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. பத்துமலைக்குத் தூரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். ஆயினும் இரவில் புறப்பட்ட ரதம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகிறது. அது தாமதம் என்று நாம் யாரும் குறை சொல்வதில்லை. வழியெல்லாம் நிற்பவர்கள் தரிசிக்க வேண்டும் என்பதற்காகவே அது மெல்ல வருகிறது. நிதானமாக வண்டி ஓட்டுபவருக்கும் இதுவே இன்பம். பத்து அணையின் நீர், காட்டின் குளிர்ச்சி, பாதையோரத்துப் பழக்கடை ஆகிய யாவும் அவருடைய பயணத்தில் அடங்கும். விரைந்து போகிறவருக்கு முன்னால் இருக்கும் தார்ச்சாலை மட்டுமே தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. வண்டி மெதுவானது என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ எடை உள்ளது. அதை ஓட்ட, 250 சிசி வரைக்குமான பி2 உரிமம் போதாது. கடனில் வாங்குவதானால், மாதத் தவணை வீட்டுச் செலவைத் தின்றுவிடுமா என்றும் பார்க்க வேண்டும். வேலைக்குப் போய்வரக் கப்சாய் போதுமென்றால், அதையும் நிதானமாகவே ஓட்டலாம். நிதானத்துக்கு விலை கிடையாது.

துரை வந்த வண்டியின் ஓசை கேட்டு ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், நம்மவர் கையால் உருவான வண்டியில் இன்று பத்துமலைப் பாதையில் போகிறார்கள். போகட்டும், மெல்லப் போகட்டும். மாலையில் பத்திரமாக வீடு திரும்பட்டும்.