ஒத்ராந்தோ: ஒரு பெயரும் இரு வரலாறுகளும்

பழங்காலப் பின்னணியில் மாயமும் மாந்தர்தம் ஒழுகலாறும் காதலும் பின்னிப் பிணைந்த புதினங்களை ஆங்கில வாசகர் இன்று பெரிதும் விரும்பிப் படிக்கின்றனர். நெப்போலியப் போர்க்கால இங்கிலாந்தில் மந்திரக் கலை புத்துயிர் பெறுவதாகக் கற்பனை செய்து சுசன்னா கிளார்க் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரும் புதினம் இவ்வகையில் பெயர்பெற்றது. இம்மரபின் வேரைத் தேடிச் செல்வோமாயின், 1764ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் திருவிழிப்பு நாளன்று இலண்டனில் வெளியான ஒரு சிறு நூலின் முன் வந்து நிற்போம். அதன் பெயர் 'ஒத்ராந்தோ கோட்டை'.

அதை எழுதியவர் ஹொரேஸ் வால்போல். இங்கிலாந்தின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் மகன். தாமும் பாராளுமன்ற உறுப்பினர். தேம்ஸ் ஆற்றங்கரையில் 'ஸ்ட்ராபெர்ரி ஹில்' என்னும் மாளிகையை இடைக்காலக் கோட்டையின் சாயலில் அமைத்து வாழ்ந்தார். ஒரு பழங்கோட்டையின் மாடிப்படி உச்சியில் கவசமணிந்த பெருங்கை ஒன்றைக் கனவில் கண்டு, அக்கனவைத் தொடர்ந்து சென்றே இக்கதையை எழுதியதாகப் பின்னர் நண்பருக்குக் கடிதம் வரைந்தார்.

ஆயினும் முதற்பதிப்பில் அவர் தம் பெயரை இடவில்லை. வட இங்கிலாந்தின் தொன்மையான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் நூலகத்தில் கிடைத்த இத்தாலிய நூல் இது. 1529இல் நேப்பிள்ஸ் நகரில் அச்சானது. ஒத்ராந்தோவின் புனித நிக்கோலாஸ் ஆலயக் குரு ஒருவர் எழுதியது என்றெல்லாம் ஒரு பொய் வரலாற்றைப் புனைந்தார். மக்களைப் பழைய மூடநம்பிக்கையில் நிலைநிறுத்தவே சூழ்ச்சி மிக்க அக்குரு இதை எழுதியிருக்கலாம் என்றும் முன்னுரையில் சேர்த்தார். அந்நாளில் இங்கிலாந்தின் கத்தோலிக்கருக்கு வாக்குரிமை இல்லை. பாராளுமன்றத்தில் அமரும் உரிமை 1829இல்தான் கிட்டிற்று. அறிவொளிக் காலத்து ஆங்கிலேயர் வியப்பையும் அற்புதத்தையும் சுவைக்க விரும்பினர். ஆனால் அவற்றைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள நாணினர். ஆகவே அவை நம் வீட்டில் வைக்கப்பட்டன எனலாம்.

நூல் விற்றுப் பெயர் பெற்றதும், 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில் வால்போல் உண்மையை வெளியிட்டார். பழைய வீரகதைகளில் கற்பனை உண்டு, இயல்பு இல்லை. புதிய புதினங்களில் இயல்பு உண்டு, கற்பனை வறண்டுவிட்டது. இவ்விரண்டையும் இணைப்பதே தம் நோக்கம் என்றார். சூழல் எத்துணை வியப்புக்குரியதாயினும் அதில் நடமாடும் மாந்தர் இயல்பான ஆண்களும் பெண்களும் போலவே எண்ணிப் பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றளவும் இவ்வகைப் புதினங்களுக்கு அடிப்படை இதுவே.

கதையில், மான்ஃபிரெட் என்னும் சிற்றரசனின் மகன் திருமண நாளன்று வானிலிருந்து வீழ்ந்த பெருந்தலைக்கவசத்தால் நசுங்கி மாள்கிறான். வாரிசு வேண்டி, மான்ஃபிரெட் தன் மனைவியை விலக்கிவிட்டு, மகனுக்கு நிச்சயித்த இசபெல்லாவையே மணக்க விழைகிறான். அவளோ நிலவறை வழியே ஓடி ஆலயத்தில் அடைக்கலம் புகுகிறாள். தன் மனைவி நெருங்கிய உறவுமுறை என்பதால் அத்திருமணம் செல்லாது என்று வாதிடும் மன்னனை எதிர்த்து நிற்பவர் ஜெரோம் என்னும் துறவி. திருச்சபையை ஏளனம் செய்யும் முன்னுரையைத் தாங்கிய நூலில், அபலைப் பெண்ணுக்கு அரணாக நிற்பது ஆலயமே! நையாண்டி செய்யப் புகுந்த கற்பனையும் சில வேளைகளில் தன்னையறியாமல் உண்மைக்குச் சான்று பகர்கிறது.

இனி, அப்பெயருக்குரிய ஊருக்கு வருவோம். நாட்டுப் படத்தில் ஓசை இனிமை கண்டே ஒத்ராந்தோ என்னும் பெயரைத் தேர்ந்ததாகவும், அங்கே மெய்யாகவே ஒரு கோட்டை இருப்பதைத் தாம் அறிந்திருக்கவில்லை என்றும் 1786இல் வால்போல் எழுதினார். தென் இத்தாலியின் கிழக்குக் கரையிலுள்ள அவ்வூரை 1480ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒட்டோமானியர் படை முற்றுகையிட்டது. இரு வாரங்களில் நகர் வீழ்ந்தது. பேராயர் ஸ்தேபனோ பெந்தினெல்லி பேராலயத்திலேயே கொல்லப்பட்டார். ஆகஸ்டு 14ஆம் நாள் ஏறத்தாழ 800 ஆடவர் குன்றொன்றின்மேல் தலை வெட்டப்பட்டனர். தம் விசுவாசத்தை மறுதலிக்க மறுத்தமையால் இவர்கள் இறந்தனர் என்பது திருச்சபையின் மரபு. முதலில் வெட்டுண்டவர் அந்தோனியோ பிரிமால்தோ என்னும் முதிய தையற்காரர் என்பர். இன்று அங்குக் காணும் கோட்டை, பெரும்பகுதியும் இவ்வழிவுக்குப் பின்னரே எழுப்பப்பட்டது.

புதினம் வெளிவந்த 7 ஆண்டுகளுக்குப் பின், 1771இல் இவர்கள் அருளாளர்களாக ஏற்கப்பட்டனர். 2013ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இவர்களைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். பெரும்பாலோருடைய பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்களுடைய எலும்புகள் பேராலயச் சிற்றாலயத்தில் கண்ணாடிப் பேழைகளுக்குள் அடுக்கப்பட்டுள்ளன. ஒத்ராந்தோ என்றதும் உலகின் வாசகர் பலர் பெருந்தலைக்கவசத்தை நினைக்கின்றனர். இம்மெய்யான தலைகளை நினைப்போர் சிலரே.

அப்படியாயின் கற்பனையை நாம் கடிந்து ஒதுக்க வேண்டுமா? அதே பேராலயத்தின் தரை விடை தருகிறது. 1163 முதல் 1165 வரை பந்தலியோனே என்னும் துறவி அங்குப் பதித்த வண்ணக்கல் ஓவியத்தில் ஆதாமும் ஏவாளும் நோவாவும் மட்டுமல்லர். மாவீரன் அலெக்சாண்டரும், வீரகதைகளின் நாயகனான ஆர்தர் மன்னனும் விந்தை விலங்குகளும் இடம்பெற்றுள்ளனர். திருப்பலி காண வந்தோரின் காலடியில் கட்டுக்கதையும் மறைநூலும் ஒரே மரத்தின் கிளைகளில் அருகருகே அமர்ந்திருந்தன. நம் முன்னோர் கற்பனைக்கு அஞ்சியவர் அல்லர். ஆனால் அதற்குரிய இடம் எது என்பதை அறிந்திருந்தனர். அதன்மீது நின்று பீடத்தை நோக்கினர்.

வரலாற்றுப் பெயர்களைப் புனைகதைக்குக் கடன் வாங்குவது குற்றமன்று. ஆனால் கடன் கடனே. இனிமையான ஓசை கொண்ட ஓர் ஊர்ப்பெயரைக் கதையில் காணும்போது, அங்கு வாழ்ந்து மாண்டவர் யாவர் என ஒரு கணம் நின்று கேட்போமாயின், அக்கடனில் சிறு பகுதியேனும் தீரும். அந்த முதிய தையற்காரருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.